டிவியில் வட்டம் சுற்றினால் எங்கே கைவைப்பது?

வீட்டில் ஃபைபர் லைன் இருக்கிறது. பிளான் 100 எம்பிபிஎஸ். போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 90க்கு மேல் காட்டுகிறது. ஆனாலும் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படம் போட்டால் டிவியில் வட்டம் சுற்றுகிறது. பலரும் உடனே பிளானை 200க்கு ஏற்றிவிடுவார்கள். காசு போகும், வட்டம் பெரும்பாலும் போகாது. கோளாறு அநேகமாக ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில் உள்ள இருபது முப்பது அடிக்குள்தான் இருக்கும். அது அங்கேதானா, இல்லை வெளியிலா என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்று பரவலாக உள்ள அமைப்பையே இங்கே எடுத்துக்கொள்கிறோம்: ஜன்னல் ஓரமாக உள்ளே வரும் ஃபைபர், அதன் முனையில் ஓஎன்டி எனப்படும் பெட்டி (பல வீடுகளில் அதுவேதான் வைஃபை ரவுட்டரும்), ஹாலில் ஒரு ஸ்மார்ட் டிவி அல்லது பழைய டிவியில் செருகிய ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற குச்சி.

எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்

இணையத்தில் வரும் வீடியோ ஒரே ஓட்டமாக வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக அதை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சர்வரில் வைத்திருக்கிறார்கள். டிவியில் உள்ள செயலி அடுத்தடுத்த துண்டுகளை முன்கூட்டியே இறக்கிக் கையிருப்பில் வைத்துக்கொள்ளும். லைன் மந்தமானால் அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கேட்கும். கையிருப்பு முழுக்கத் தீர்ந்தால்தான் வட்டம் சுற்றும்.

ஆகவே படம் நிற்கும் விதத்திலேயே துப்பு இருக்கிறது. படம் முதலில் மங்கி, கட்டம் கட்டமாகி, பிறகு நின்றால் வேகம் போதவில்லை. பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்த படம் மங்காமலே சட்டென்று நின்றால், கையிருப்பு தீரும் அளவுக்கு இணைப்பு அறுந்து மீண்டும் ஒட்டியிருக்கிறது. இதற்கு வேகம் காரணமில்லை, வைஃபை விட்டுவிட்டு வருவதுதான் வழக்கமான காரணம். மூன்றாவது வகையில் வட்டமே வராது. ஒலி சீராக இருக்கும், படம் மட்டும் துள்ளித் துள்ளி ஓடும். அது நெட் கோளாறே இல்லை. டிவியோ குச்சியோ வீடியோவை விரித்துக் காட்டத் திணறுகிறது.

இன்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் செயலிகளிலும் சுற்றுகிறதா, ஒன்றில் மட்டுமா? நாள் முழுக்கவா, இரவு 8 முதல் 11 வரை மட்டுமா? ஒரே செயலியில் மட்டும் என்றால் ரவுட்டரைத் தொட வேண்டாம். இரவில் மட்டும் என்றால் கடைசிப் பகுதிக்கே போய்விடலாம்.

உண்மையில் எவ்வளவு வேகம் வேண்டும்

நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் அளவு: 720பி தரத்துக்கு 3 எம்பிபிஎஸ், 1080பிக்கு 5, 4கேக்கு 15. யூடியூப் 4கேக்கு 20 கேட்கிறது. அதாவது 30 எம்பிபிஎஸ் பிளானிலேயே ஒரு 4கே படமும், பக்கத்து அறையில் ஒருவர் போனில் பார்க்கும் வீடியோவும் தாராளமாக ஓட வேண்டும். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். டவுன்லோடு காட்டும் மெகாபைட் வேகம் அதில் எட்டில் ஒரு பங்குதான். 40 எம்பிபிஎஸ் லைனில் கோப்பு இறங்கும்போது 5 எம்பி என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை.

மாதக் கடைசியில் மட்டும் தொல்லை என்றால், ஆபரேட்டரின் செயலியில் இதுவரை செலவான டேட்டாவைப் பாருங்கள். ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் பிளான்களிலும் ஓர் எல்லை உண்டு. 3300 ஜிபி என்பது பல பிளான்களில் காணும் எண். மலிவான பிளான்களில் அது இன்னும் குறைவு. எல்லையைத் தாண்டினால் வேகம் சில எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை விழுங்கும். தினம் நாலு மணி நேரம் என்றால் மாதம் 840 ஜிபி. டிவி ஒன்றால் மட்டும் 3300ஐத் தொடுவது கடினம், ஆனால் 1000 ஜிபி எல்லையுள்ள பிளானில் பிள்ளைகளின் போனையும் சேர்த்தால் தொட்டுவிடலாம்.

டிவி இருக்கும் இடத்திலேயே அளவெடுங்கள்

ரவுட்டர் பக்கத்தில் நின்று போனில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் டிவியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. போனின் ஆன்டெனா வேறு, டிவியின் ஆன்டெனா வேறு, நிற்கும் இடமும் வேறு.

டிவியிலேயே இருக்கும் நல்ல கருவி யூடியூப்தான். ஒரு 4கே அல்லது 1080பி வீடியோவை ஓடவிட்டு, செட்டிங்ஸ் சக்கரத்தை அழுத்தி ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் மேல் ஒரு கறுப்புப் பெட்டி வரும். அதில் மூன்று வரிகள் போதும்: ‘கனெக்‌ஷன் ஸ்பீட்’, ‘பஃபர் ஹெல்த்’, ‘டிராப்டு ஃப்ரேம்ஸ்’. பஃபர் ஹெல்த் என்பது கையிருப்பில் எத்தனை விநாடி வீடியோ இருக்கிறது என்ற கணக்கு. டிராப்டு ஃப்ரேம்ஸ் என்பது டிவி காட்ட முடியாமல் தவறவிட்ட படச்சட்டங்களின் எண்ணிக்கை. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள்.

கையிருப்பு இருபது முப்பது விநாடியைத் தாண்டி நிலையாக நின்று, டிராப்டு ஃப்ரேம்ஸ் மட்டும் விறுவிறுவென ஏறினால் நெட் நன்றாக இருக்கிறது, டிவிக்குத்தான் திராணியில்லை. கையிருப்பு மெல்ல மெல்லக் கரைந்து பூஜ்யத்துக்கு வந்தால் வேகம் போதவில்லை. ஏறியும் இறங்கியும் தள்ளாடி, அதோடு வேகமும் 60, 2, 45, 0 என்று குதித்தால் வைஃபையைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு சோதனைக்கு ஒரு லேப்டாப் வேண்டும். டிவிக்குப் பக்கத்திலேயே அதை வைத்து, அதே வைஃபையில் சேருங்கள். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘பிங்’ கட்டளையுடன் ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஜியோ ஃபைபரில் 192.168.29.1. விண்டோஸில் கடைசியில் ஓர் இடைவெளி, கழித்தல் குறி, ஆங்கில ‘டி’ எழுத்து சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். பதில்கள் பத்து மில்லிவிநாடிக்குள் வரிசையாக வர வேண்டும். நடுநடுவே 200, 500 என்று ஏறினாலோ ‘டைம்டு அவுட்’ என்று வந்தாலோ கோளாறு வீட்டுக்குள்தான். ரவுட்டர் வரை சுத்தமாக இருந்து, வெளியில் உள்ள கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குப் போட்டால் மட்டும் விட்டுப்போகிறது என்றால் பிரச்சினை ரவுட்டரைத் தாண்டி வெளியே.

மூன்றாவதாக ஃபாஸ்ட்.காம் தளத்தையும் வேறொரு ஸ்பீட் டெஸ்ட் தளத்தையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். முன்னது நெட்ஃப்ளிக்ஸ் நடத்துவது, அந்த நிறுவனத்தின் சர்வர்களில் இருந்தே இறக்கிப் பார்க்கும். மற்ற தளங்கள் பல நேரம் ஆபரேட்டரின் வலைக்குள்ளேயே இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்துவிடும். அதனால் எண் எப்போதும் அழகாகத்தான் வரும். ஒன்றில் 95, மற்றொன்றில் 8 என்று வந்தால் ஆபரேட்டரின் வலையிலிருந்து வெளியே செல்லும் பாதை நெருக்கடியில் இருக்கிறது.

வைஃபை: பாதி வீடுகளில் இதுதான்

இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் நெரிசல் மிகுந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் சோர்ந்துவிடும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு ஏறுவது அதற்கு இன்னும் கடினம். விலை குறைந்த ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் 2.4 மட்டுமே இருக்கும், அதுவும் ஒற்றை ஆன்டெனாவோடு. அவற்றின் இணைப்பு வேகம் ஏட்டளவில் 72 எம்பிபிஎஸ், நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் பெரிது. அப்பார்ட்மெண்டில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதே வரிசையில் பேசினால் அதிலும் பாதிதான்.

முதலில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் (பிரவுசரில் மேலே சொன்ன முகவரி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்) இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். ஒரே பெயரில் இருந்தால் டிவி எதைப் பிடித்திருக்கிறது என்று தெரியாது. மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டரில் 5 சற்றுத் தாமதமாக எழும். டிவி முந்திக்கொண்டு 2.4ஐப் பிடித்துக்கொள்ளும், பிறகு விடாது. டிவியில் 5 பெயருள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ‘ஃபர்கெட்’ கொடுத்து நீக்கிவிடுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் பெயர் டிவியின் பட்டியலிலேயே வரவில்லை, போனில் மட்டும் வருகிறதா? ரவுட்டர் தானாகவே 52 முதல் 144 வரையுள்ள ஏதோ ஒரு சேனலுக்கு (டிவி சேனல் அல்ல, வைஃபை அலைவரிசையின் உட்பிரிவு) போயிருக்கலாம். அது ரேடாருடன் பகிரும் பகுதி. பல டிவிகள் அதைத் தேடுவதே இல்லை. சேனலை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து 36 முதல் 48க்குள் அல்லது 149 முதல் 161க்குள் நிறுத்துங்கள்.

டிவியில் 2.4 மட்டும்தான் என்றால் சேனல் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றை நிரந்தரமாக வையுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 என்று வைத்தால் வேகம் கூடும் என நினைப்பார்கள், நெருக்கமான குடியிருப்பில் அக்கம்பக்கத்தாருடன் மோதல்தான் கூடும். எந்தச் சேனலில் கூட்டம் குறைவு என்பதை ஆண்ட்ராய்டு போனில் ‘வைஃபை அனலைசர்’ வகைச் செயலி காட்டும். அதே செயலியை டிவிக்குப் பின்னால் பிடித்து சிக்னல் அளவைப் பாருங்கள். அது கழித்தல் குறியோடு டிபிஎம் என்ற அலகில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. −50 அருமை. −67 வரை வீடியோவுக்குப் பரவாயில்லை. −75 என்றால் வட்டம் சுற்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சிக்னல் குறைவாக இருந்தால் ரவுட்டரை நகர்த்துவதுதான் முதல் மருந்து. லைன் போட வந்தவர் கம்பி மிச்சமாகட்டும் என்று வாசல் ஓரத்திலோ பரணிலோ மாட்டிவிட்டுப் போயிருப்பார். பீரோ மேல், இன்வெர்ட்டர் பக்கத்தில், டிவிக்கு நேர் பின்னால், மீன் தொட்டிக்கு அருகில் எல்லாம் வேண்டாம். இரும்பும் தண்ணீரும் அலையைத் தின்னும். நெஞ்சு உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் இருக்கட்டும். குச்சி செருகியிருந்தால், பெட்டியில் கூடவே வந்த சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரைப் போட்டு டிவியின் முதுகிலிருந்து வெளியே தொங்கவிடுங்கள். பலர் அதைத் தூக்கி டிராயரில் போட்டுவிடுகிறார்கள். டிவியின் முதுகு முழுக்க உலோகத் தகடு, அதன் மறைவில் குச்சிக்கு சிக்னலும் வராது, சூடும் போகாது.

யாரும் எதிர்பார்க்காத எதிரி ஒன்று: யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க். அதன் வயர் கசியவிடும் இரைச்சல் சரியாக 2.4 பகுதியில் விழும். டிவியில் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் ஹெட்போனும் அதே பகுதிதான்.

ரிப்பீட்டர் வாங்குபவர்கள் அதை டிவிக்குப் பக்கத்தில் செருகுவார்கள். அங்கே ஏற்கெனவே சிக்னல் இல்லை, அது எதைத் திருப்பி அனுப்பும்? பாதி தூரத்தில், சிக்னல் இன்னும் நன்றாக உள்ள இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

கம்பி போட முடிந்தால் போட்டுவிடுங்கள்

நகராத டிவிக்கு வைஃபை எதற்கு என்பதே எங்கள் கட்சி. கேட் 5இ லேன் கேபிள் போதும், 100 மீட்டர் வரை தாங்கும். டிவிகளின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், கேட் 6 போட்டாலும் அதற்கு மேல் வராது. 4கேக்கு 20 போதும் என்னும்போது அது குறையே இல்லை. கடையில் ‘சுத்தச் செம்பு’ என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள், சுவரில் வளைத்து அடித்தால் உள்ளே முறியும். மின்சார வயர் போகும் அதே குழாயில் இதையும் நுழைக்க வேண்டாம்.

நீங்களே கிரிம்ப் செய்வதானால் (கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துவது), கொக்கிப் பக்கம் கீழே இருக்க, இடமிருந்து வலமாக இந்த வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையும் ஒன்றுபோல. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகளே வேலை செய்கின்றன. அதனால் டிவிக்கு இணைப்பே வரவில்லை என்றால் முதலில் ஆரஞ்சு, பச்சை ஜோடிகளைப் பாருங்கள். ஃபயர் டிவி ஸ்டிக்கில் லேன் போர்ட் கிடையாது. அதற்கென்று தனி ஈதர்நெட் அடாப்டர் விற்கிறார்கள்.

குச்சியின் சாப்பாடும் சூடும்

குச்சியை டிவியின் யுஎஸ்பி ஓட்டையிலிருந்தே ஓட்டுவது பார்க்க அழகு. ஆனால் யுஎஸ்பி 2.0 ஓட்டை தருவது அரை ஆம்பியர், குச்சி கேட்பது ஒரு ஆம்பியர். படம் கனமாகும் நேரத்தில் மின்சாரம் போதாமல் வைஃபை தள்ளாடும், சிலசமயம் தானே அணைந்து எழும். கூட வந்த 5 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரைச் சுவரில் செருகுங்கள், அதனோடு வந்த வயரையே போடுங்கள்.

பிறகு சேமிப்பு இடம். குச்சிகளிலும் ஆண்ட்ராய்டு டிவிகளிலும் 8 ஜிபி என்றால் பயன்பாட்டுக்குக் கிடைப்பது அதைவிட நன்றாகவே குறைவு. ஒரு ஜிபியாவது காலியாக இருக்கட்டும். பார்க்காத செயலிகளை நீக்கி, தொல்லை தரும் செயலிக்கு ‘கிளியர் கேச்’ கொடுங்கள். ‘கிளியர் டேட்டா’வை அழுத்தினால் மறுபடி லாகின் செய்ய வேண்டும். ரிமோட்டில் அணைப்பது டிவியைத் தூங்க வைப்பதுதான், வாரக்கணக்கில் அது உண்மையாக அணைந்தே இருக்காது. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டுச் செருகுங்கள். ஃபயர் டிவி ரிமோட்டில் நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து ஐந்து விநாடி அழுத்தினாலும் குச்சி மறுதொடக்கம் ஆகும்.

விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியே சுற்றிவிடும் செயலி) ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திப் பாருங்கள். ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) யாராவது மாற்றி வைத்திருந்தால் ‘ஆட்டோ’வுக்குத் திருப்பிப் பாருங்கள். டிஎன்எஸ் மாற்றினால் வீடியோ வேகமாகும் என்பார்கள். வீடியோ எந்த சர்வரிலிருந்து வர வேண்டும் என்பது பல நேரம் டிஎன்எஸ் தரும் விடையைப் பொறுத்தது. பக்கத்துச் சென்னை சர்வரை விட்டுத் தொலைவில் உள்ளதற்கு அனுப்பிவிடவும் கூடும்.

நேரலை மேட்ச் மட்டும் நிற்கிறது

படம் என்றால் பல நிமிடங்களை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். இன்னும் போடாத பந்தை யார் இறக்குவது? நேரலையில் கையிருப்பு சில விநாடிகள்தான், அதனால் சிறு தடங்கலும் வெளியே தெரியும். சர்வர் பக்கக் கூட்டமும் சேரும். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். இப்படிப்பட்ட இரவுகளில் தரத்தை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து 720பியில் நிறுத்துங்கள். செயலி அனுமதித்தால் அரை நிமிடம் பாஸ் செய்துவிட்டுத் தொடருங்கள், ‘கோ லைவ்’ பொத்தானைத் தொடாதீர்கள். பின்தங்கிய அந்த அரை நிமிடமே கையிருப்பாகும். பக்கத்து வீட்டில் விக்கெட் சத்தம் முதலில் கேட்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லாச் சேனலும் மாதம் நூறு ரூபாய் என்று விற்கும் அனுமதியில்லாத ஐபிடிவி (இணையம் வழியே சேனல் காட்டும்) பெட்டிகளுக்கு இங்கே மருந்து இல்லை. ஒரு சிறு சர்வரில் ஆயிரக்கணக்கானோரை ஏற்றினால் அது சுற்றத்தான் செய்யும்.

கோளாறு வெளியே என்றால்

ஓஎன்டியில் விளக்குகளைப் பாருங்கள். ‘பிஓஎன்’ பச்சையாக நிலைத்திருக்க வேண்டும். ‘எல்ஓஎஸ்’ சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு: ஒளி வருகிறது, ஆனால் மங்கலாக. அப்போது விளக்குகள் சரியாகவே இருக்கும், மழை நாளிலோ காற்றடிக்கும்போதோ மட்டும் நெட் விட்டுவிட்டு வரும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆப்டிக்கல்’ அல்லது ‘ஆர்எக்ஸ் பவர்’ (வந்து சேரும் ஒளியின் அளவு) என்ற வரியைத் தேடுங்கள். −15 முதல் −25 டிபிஎம் வரை நல்லது. −27ஐத் தாண்டி இறங்கினால் லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.

அதற்கு முன் ஓஎன்டியில் செருகியிருக்கும் மெல்லிய மஞ்சள் நிற ஃபைபர் வயர் (பேட்ச் கார்டு) எங்காவது மடங்கியிருக்கிறதா, கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் ஒளி கசியும். வளையமாகச் சுருட்டினால் விட்டம் 6 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். பச்சை முனையுள்ளது பச்சை ஓட்டையில்தான் போக வேண்டும், நீலத்தைப் பச்சையில் செருகினாலும் நுழையும், ஆனால் ஒளி வீணாகும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

ஒளி நன்றாக இருந்தும் இரவில் மட்டும் வேகம் சரிந்தால், ஆபரேட்டர் வாங்கி வைத்திருக்கும் மொத்த இணையக் கொள்ளளவு தாங்குவதைவிட அதிகப் பேருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார் என்று பொருள். லேப்டாப்பை லேன் கேபிளில் ஓஎன்டியுடன் நேரே இணைத்து, காலை 7 மணிக்கும் இரவு 9.30க்கும் ஃபாஸ்ட்.காம் ஓட்டி, மூன்று நாள் படமெடுத்து வையுங்கள். “நெட் ஸ்லோ சார்” என்றால் “ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்ற பதில்தான் வரும். “கேபிளில் போட்டு, காலை 94, இரவு 6, ஆர்எக்ஸ் −19” என்றால் பேச்சு வேறு திசைக்குப் போகும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்க்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணை வைத்துத்தான் போக முடியும்.

ஆபரேட்டரையே மாற்றுவது என்று முடிவெடுத்தால், உங்கள் தெருவிலேயே அந்தப் புது லைன் வைத்திருப்பவர் வீட்டில் இரவு 9.30க்கு ஒருமுறை ஃபாஸ்ட்.காம் ஓட்டிப் பாருங்கள். ஆறு மாதம் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், அதுவரை பழைய லைனைத் துண்டிக்க வேண்டாம்.